ஆடிட்டர் அலுவலகத்தின் பழைய கணினிகள்: ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழிப்பது எப்படி?

கணக்கர்_ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2011 முதல் 2018 வரை வாங்கிய 9 டெஸ்க்டாப்களையும் 3 லேப்டாப்களையும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். பழைய கணினி வியாபாரி ஒருவர் மொத்தமாக விலை பேசியிருக்கிறார். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

வாடிக்கையாளர்களின் பான் எண், ஆதார் நகல், வங்கி அறிக்கைகள், டேலி கோப்புகள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் என எல்லாமே இந்தக் கணினிகளில் இருந்தன. சிலர் தங்கள் வரித்துறைக் கடவுச்சொல்லைக்கூட எங்களிடம் கொடுத்துவைத்திருந்தார்கள். “ஃபார்மேட் செய்து கொடுத்துவிடு” என்கிறார் ஆடிட்டர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் பழைய தரவின் மேல் டிஸ்க் முழுவதும் 3 முறை எழுதச் சொல்கிறார்கள், வேறோரிடத்தில் 7, இன்னோரிடத்தில் 35. சுத்தியலால் உடைத்துவிடு என்பவர்களும் இருக்கிறார்கள். எதை நம்புவது?

சர்வர்_அறை

தம்பி, தயங்காமல் 35 முறை எழுதுங்கள். குட்மேன் முறை என்று அதற்குப் பெயர். டிபான் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால் அந்தத் தேர்வு கிடைக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அதற்குக் குறைவாக ஒரு டிஸ்க்கையும் வெளியே விட்டதில்லை. மற்றவர்களின் பணம் சம்பந்தப்பட்ட தகவல் இது. குறைத்துச் செய்யவே கூடாது.

வட்டு_வைத்தியர்

தரவு மீட்புதான் என் தொழில். எது மீளும், எது மீளாது என்பதை நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஃபார்மேட். விண்டோஸில் ‘குயிக் ஃபார்மேட்’ கொடுத்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டுமே புதிதாக எழுதப்படுகிறது. கிராமக் கணக்கில் பெயரை அடித்துவிட்டால் வயல் காணாமல் போய்விடுமா? அதே கதைதான். கோப்புகளின் உள்ளடக்கம் அதே செக்டர்களில், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களில், அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பிடிஎஃப், எக்செல், படங்கள் எல்லாம் வரிசையாக வெளியே வரும். அதற்கு என்னைப் போன்றவர்கள் தேவையில்லை, ஆர்வமுள்ள பள்ளி மாணவனே செய்துவிடுவான். முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. எக்ஸ்பியில் அதே கட்டளை பழுதான செக்டர்களைத் தேடிப் படிப்பதோடு சரி, எதையும் மேலெழுதாது. பெயர் ஒன்று, வேலை இரண்டு என்பதால் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி அந்த 35. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மேன் 1996இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் படித்த கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அக்காலத்து டிஸ்க்குகள் எம்எஃப்எம், ஆர்எல்எல் போன்ற வெவ்வேறு குறியீட்டு முறைகளில் எழுதின. கையில் இருக்கும் டிஸ்க் எந்த வகை என்று தெரியாதவர் எல்லா வகைக்கும் உரிய வடிவங்களையும் எழுத வேண்டியிருக்கும். அவற்றையெல்லாம் கூட்டினால் 35. ஒரே டிஸ்க்குக்கு அத்தனையும் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதே கட்டுரைக்குப் பின்னாளில் எழுதிய பின்னுரையில், மக்கள் இதைத் தீய ஆவிகளை விரட்டும் மந்திரம்போல ஆக்கிவிட்டார்கள் என்று அவரே குறைபட்டுக்கொண்டிருக்கிறார்.

2008இல் கிரெய்க் ரைட்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருமுறை மேலெழுதிய டிஸ்க்கை நுண்ணோக்கியில் வைத்துப் பழைய தரவைப் படிக்க முயன்றால், ஒரு பிட்டைச் சரியாக ஊகிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதியைவிடச் சற்றே மேல். 56 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கு 8 பிட். எட்டும் சரியாக அமையும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு பான் எண்ணில் 10 எழுத்துகள். இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

முழுமையாக ஒருமுறை மேலெழுதிய ஹார்டு டிஸ்க்கை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், பணம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சர்வர்_அறை

அப்படியானால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எதற்காக 3 முறை எழுதச் சொன்னது? ஒருமுறை போதும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஐயத்துக்கு இடம் இருக்கும்போது கூடுதலாகச் செய்வதில் என்ன நட்டம்?

வட்டு_வைத்தியர்

நியாயமான கேள்வி, சார். நீங்கள் சொல்லும் 5220.22-எம் என்ற கையேடு 1990களைச் சேர்ந்தது. இன்று எல்லோரும் பின்பற்றுவது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டி. முதலில் 2006இல் வந்தது, 2014இலும் 2025இலும் திருத்தப்பட்டது. காந்த டிஸ்க்குக்கு ஒருமுறை மேலெழுதுவதே பொதுவாகப் போதும் என்று அதன் 2014 பதிப்பில் தெளிவாகவே இருக்கிறது.

நட்டம் உண்டு என்பதே என் வாதம். 500 ஜிபி டிஸ்க்கை ஒருமுறை எழுத ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் இரண்டு நாளைத் தாண்டும். ஒன்பது டிஸ்க்குக்கு அப்படிச் செய்யச் சொன்னால், நான்காவது டிஸ்க்கோடு அலுவலகத்தில் யாராவது “போதும், மிச்சத்தை ஃபார்மேட் செய்துவிடு” என்பார். தகவல் கசிவது அந்த மிச்சத்திலிருந்துதான். எம்ஐடியில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. இல்லினாய்ஸில் ஓர் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்த டிஸ்க்கும் அந்தக் குவியலில் இருந்தது, வாடிக்கையாளர்களின் கணக்கு எண்களோடு. ஒருமுறை மேலெழுதியதால் யாருடைய தகவலும் அங்கே வெளியே வரவில்லை. ஒருமுறைகூட மேலெழுதாததால் வந்தது.

எல்லா டிஸ்க்கையும் ஒருமுறை எழுதுங்கள். எழுதிய பிறகு முழுவதும் படித்துச் சரிபாருங்கள். சரிபார்க்காமல் 35 முறை எழுதுவதைவிட இது பல மடங்கு உறுதியானது.

ரிச்சி_தெரு

நான் பழைய கணினிப் பாகங்கள் விற்பவன். எங்கள் பக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

மொத்தமாக வரும் கணினிகளைப் பிரித்து, டிஸ்க்கைத் தனியே எடுத்துவிடுவோம். உடல்நலம் பார்க்கும் மென்பொருளில் போட்டு நல்லது, சுமார், கெட்டது எனப் பிரிப்போம். நல்லது மறுபடி கணினிக்கோ சிசிடிவி கேமரா டிவிஆருக்கோ போகும். விற்பதற்கு முன் குயிக் ஃபார்மேட் செய்வதுதான் வழக்கம். ஒவ்வொன்றையும் ஒன்றரை மணி நேரம் அழித்துக்கொண்டிருக்க இந்த வியாபாரத்தின் லாபம் இடம் கொடுக்காது. யாருடைய கோப்பையும் திறந்து பார்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் எங்களிடம் வாங்குபவருக்கு அடுத்தவர், அவருக்கு அடுத்தவர் யார் என்பது எங்களுக்கும் தெரியாது.

அதனால் கணக்கர் தம்பிக்கு என் யோசனை: அழித்த பிறகு கொடுங்கள், அல்லது டிஸ்க்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள். டிஸ்க் இல்லாத கணினிக்குச் சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான். “நீங்களே அழித்துவிடுங்கள் அண்ணா” என்று சொல்லி வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். வியாபாரம் செய்கிற நானே இதைச் சொல்கிறேன்.

முனையம்

ரிச்சி தெரு அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இனிச் செய்முறை.

விண்டோஸ் மட்டும் தெரிந்தவருக்கு எளிய வழி, விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி. அழிக்க வேண்டிய டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, டிஸ்க்பார்ட்டில் அதன் எண்ணைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன் ஆல்’ கொடுங்கள். ‘ஆல்’ என்ற சொல் முக்கியம். வெறும் ‘கிளீன்’ டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற தகவலை மட்டுமே எடுக்கும், தரவு கிடக்கும். எண்ணைத் தவறாகத் தேர்ந்தால் வேலை செய்யும் கணினியின் டிஸ்க் போய்விடும், அது உங்களைக் கேட்காது. ஆகவே தேவையற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவைத்துவிட்டு, கொள்ளளவை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல டிஸ்க்குகள் என்பதால் நான் பரிந்துரைப்பது, டிஸ்க் அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ். அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால் என்வைப் என்ற மென்பொருள் திரையில் வரும். டிபானிலிருந்து கிளைத்த மென்பொருள்தான் அது. டிபானுக்கு 2015க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, புதிய கணினிகளில் பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. என்வைப்பில் பூஜ்யம் எழுதும் முறை, 1 சுற்று, கடைசியில் முழுச் சரிபார்ப்பு எனத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் பல டிஸ்க்குகளை அழிக்கலாம். முடிந்ததும் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணோடு பதிவுக் கோப்பு கிடைக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மேலெழுதினாலும் எட்டாத இடங்கள் சில உண்டு. பழைய டிஸ்க்கில் ஒரு செக்டர் கெட்டுப்போனால் டிஸ்க்கே அதை ஒதுக்கிவைத்துவிட்டு உதிரி செக்டரைப் பயன்படுத்தும். ஒதுக்கப்பட்டதில் பழைய தரவின் துணுக்கு அப்படியே இருக்கலாம், இயங்குதளத்தால் அதைத் தொட முடியாது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், ஒதுக்கிய செக்டர்களைக் காட்டும் 5ஆம் எண்ணின் ‘ரா’ மதிப்பு பூஜ்யமாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். 197ஆம் எண்ணையும் பாருங்கள், அது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும். சில பிராண்டு கணினிகளில் மீட்பு மென்பொருளுக்காக ஒரு பகுதியை இயங்குதளத்துக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருப்பார்கள். எச்பிஏ என்பார்கள். அதையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

ஒதுக்கப்பட்ட செக்டர்கள் இருக்கும் டிஸ்க்குக்கு அதன் உள்ளேயே இருக்கும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளைதான் சரி. அதிலும் ‘என்ஹான்ஸ்டு’ வகை ஒதுக்கிய செக்டர்களையும் சேர்த்து அழிக்கும்படி வரையறுக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஹெச்டிபார்ம் என்ற கருவி மூலம் கொடுக்கலாம். யூஎஸ்பி அடாப்டர் வழியே பெரும்பாலும் போகாது, சாட்டா கேபிளில் நேரடியாக இணைக்க வேண்டும். டிஸ்க் ‘உறைந்த’ நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தால், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அதைப் பூட்டிவைத்திருக்கிறது என்று பொருள். கணினியை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். இந்தக் கட்டளைக்கு முன் டிஸ்க்குக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டியபடியே நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவையுங்கள்.

ஊர்ப்_பள்ளி_ஆசிரியை

சுத்தியல் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பள்ளியில் ஒரு கணினிக்கு நான்கு பிள்ளைகள் உட்காருகிறார்கள். 500 ஜிபி டிஸ்க் உங்களுக்குப் பழசு, எங்களுக்கு அது ஒரு பிள்ளையின் முழு ஆண்டுப் பாடம். மேலே சொன்னதுபோல் ஒருமுறை அழித்தால் போதும் என்றால், நல்ல டிஸ்க்கை உடைப்பதில் யாருக்கு என்ன பயன்? உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நாங்களே ஏற்றிக்கொள்வோம். வியாபாரி கொடுக்கும் தொகையைவிட இது பெரிது என்று உங்கள் ஆடிட்டரிடம் தயவுசெய்து சொல்லிப் பாருங்கள்.

கணக்கர்_ஈரோடு

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னதை ஆடிட்டரிடம் சொல்கிறேன். இரண்டு ஐயங்கள். ஒரு டெஸ்க்டாப்பின் டிஸ்க் ‘டக் டக்’ என்று ஒலிக்கிறது, எந்தக் கணினியிலும் தெரியவில்லை. இரண்டு லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி. இவற்றுக்கும் மேலே சொன்ன வழியேதானா?

வட்டு_வைத்தியர்

இரண்டுக்கும் வழி வேறு.

தெரியாத டிஸ்க்கில் எழுத முடியாது. எழுத முடியாததை அழிக்கவும் முடியாது. கெட்டுவிட்டதே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒலி பெரும்பாலும் படிக்கும் முனையின் பழுது, காந்தத் தட்டில் உள்ள தரவு நன்றாகவே இருக்கும். கொலம்பியா விண்ணோடம் 2003இல் வானில் சிதறியபோது அதிலிருந்த 400 எம்பி சீகேட் டிஸ்க் ஒன்று டெக்சஸில் விழுந்து, சில மாதங்களுக்குப் பிறகு வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. உருகிய உலோகக் கட்டிபோல இருந்த அதிலிருந்து 99 சதவீதத் தரவை மீட்டார்கள். அதில் இருந்தது செனான் வாயு குறித்த ஒரு பரிசோதனையின் தரவு, அதன் முடிவு 2008இல் ஆய்விதழில் வெளிவந்தது. என் தொழிலில் உள்ளவர்களுக்கு அது பெருமை. உங்களுக்கு அது எச்சரிக்கை.

ஆகவே அந்த ஒரு டிஸ்க்கை உடைக்கத்தான் வேண்டும். மேல்மூடியின் திருகுகள் நட்சத்திர வடிவம் கொண்டவை, டோர்க்ஸ் டி8 பெரும்பாலும் பொருந்தும். உள்ளே இருக்கும் காந்தம் மிக வலுவானது, விரலை நசுக்கும், கவனம். 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம், அதை மடித்து, பல இடங்களில் துளையிட வேண்டும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தட்டினால் தெறித்துச் சிதறும். பழைய துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு உடையுங்கள். வீட்டுக் காந்தத்தைத் தேய்ப்பதால் எதுவும் ஆகாது. தீயில் போட வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. உடைந்ததைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

எஸ்எஸ்டியில் தட்டு இல்லை, சிப்தான். தேய்மானத்தைப் பரப்புவதற்காக, நீங்கள் ஓரிடத்தில் எழுதச் சொன்னால் அது வேறோரிடத்தில் எழுதும். வெளியே காட்டும் கொள்ளளவைவிட உள்ளே கூடுதல் இடமும் உண்டு. ஆகவே மேலெழுதினாலும் பழையது எங்கோ ஒளிந்திருக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் சிப்களையே கழற்றிப் படித்துப் பார்த்தார்கள். முழு டிரைவையும் இருமுறை மேலெழுதியது பல நேரங்களில் போதுமானதாக இருந்தது, எப்போதும் இல்லை. தனிக் கோப்பை மட்டும் அழிக்கும் முறைகள் எதுவுமே நம்பத் தகுந்ததாக இல்லை. இன்னும் மோசம், ‘அழித்துவிட்டேன்’ என்று பதில் சொன்ன ஒரு டிரைவில் தரவு முழுவதும் அப்படியே இருந்தது.

எஸ்எஸ்டிக்கு என் வரிசை இது: முதலில் விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் கொண்டு டிரைவ் முழுவதையும், காலி இடம் உட்பட, மறைகுறியாக்கம் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுங்கள். பிறகு தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் எரேஸைக் கொடுங்கள். என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை என்றால் ‘சானிடைஸ்’ கட்டளை. ஒன்று பிழைத்தாலும் மற்றொன்று காக்கும். டிரைவே செய்யும் மறைகுறியாக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பெயர்பெற்ற சில டிரைவ்களில் அது எளிதில் உடைவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிட்லாக்கர் அதைச் சார்ந்திருப்பதை மைக்ரோசாஃப்ட் இயல்பமைப்பிலிருந்து நீக்கியது. புதிதாக வாங்கியிருக்கும் கணினிகளில் முதல் நாளே மறைகுறியாக்கத்தை இயக்கிவிட்டால், அவற்றை ஒதுக்கும் காலத்தில் இவ்வளவு பாடு இருக்காது.

சர்வர்_அறை

எஸ்எஸ்டி விளக்கத்துக்கு நன்றி. 35ஐப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், சரிபார்ப்பு உண்டு என்ற நிபந்தனையோடு. வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் டிஸ்க்கை வெளியே விடாமல் அங்கேயே துண்டாக்குவதுதான் சரி என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

மாவட்ட_நீதிமன்றம்

அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஒரு நிறுவனம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் அந்த டேலி கோப்பு இருக்கிறதா, அல்லது உங்கள் பழைய கணினியில் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தணிக்கைத் தாள்களுக்கும் தனிக் கால வரம்பு உண்டு, ஆடிட்டருக்குத் தெரியும். காப்பு நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே அழியுங்கள்.

மறுபக்கம், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமல் தனிநபர் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சிறிய அலுவலகத்துக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பதல்ல கேள்வி, பொறுப்பு உங்களுடையது என்பதைச் சட்டம் ஐயமின்றிச் சொல்கிறது.

அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு தீராது என்பதற்கு இரண்டு வழக்குகள். அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி 2016இல் தரவு மையங்களை மூடியபோது, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் இடமாற்று நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்குப் போயின. வாங்கிய ஒருவரே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தார். 2020இல் 6 கோடி டாலர், 2022இல் 3.5 கோடி டாலர் என இரு வேறு அமைப்புகள் அபராதம் விதித்தன. ஜப்பானில் கனகாவா மாகாண அரசு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த டிஸ்க்குகளை அழிக்க வேண்டிய நிறுவனத்தின் ஊழியரே அவற்றைத் திருடி ஏலத்தில் விற்றார், 18 டிஸ்க்குகள், 2019இல் வெளிவந்தது. திருப்பிக் கொடுக்கும் முன் மாகாண அரசு செய்தது வெறும் ஃபார்மேட்தான். வாங்கியவர் மீட்பு மென்பொருளை ஓட்டியதும் வரி ஆவணங்கள் வந்தன.

ஒரு நோட்டு போடுங்கள். டிஸ்க்கின் வரிசை எண், அழித்த நாள், முறை, சரிபார்ப்பு முடிவு, செய்தவர் கையெழுத்து, யாரிடம் போனது. இவ்வளவு போதும்.

கணக்கர்_ஈரோடு

நோட்டு போட்டுவிட்டேன், ஐயா. ஆடிட்டரிடம் கனகாவா செய்தியைக் காட்டியதும் அவரே யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டார். டெஸ்க்டாப்கள் பள்ளிக்கே போகும் என்றும் ஒப்புக்கொண்டார். வாடகைக்கு எடுத்த பெரிய ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றும் அடுத்த மாதம் திரும்பிப் போகிறது. அதில் கவலைப்பட ஏதும் இருக்கிறதா?

முனையம்

இருக்கிறது. ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் செய்யும் பெரிய இயந்திரங்கள் பலவற்றில் உள்ளே ஹார்டு டிஸ்க் உண்டு, நகலெடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் வாடகை இயந்திரங்களை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்கு 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. நிர்வாகி மெனுவில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், டிஸ்க்கை மேலெழுதும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரிப் பட்டியலிலும் ஸ்கேன் கோப்புறை அமைப்பிலும் உங்கள் அலுவலக மின்னஞ்சல் கடவுச்சொல் இருக்கும், அதையும் நீக்குங்கள். மேலெழுதும் தேர்வு இல்லையென்றால், இயந்திரத்தை ஏற்றிப்போக வரும் முன்பே வாடகை நிறுவனத்திடம் பேசி, தொழில்நுட்பரை உங்கள் அலுவலகத்துக்கு வரவழைத்து டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்குத் தனியே விலை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.